திருகு வந்தது, ஆள் வரவில்லை: பைக் சஸ்பென்ஷனின் கதை

இந்த எபிசோட் ஒரு சின்ன ஸ்க்ரூவைப் பற்றியது. உங்ககிட்ட கொஞ்சம் விலை கூடுன ஸ்போர்ட்ஸ் பைக் இருந்தா, முன் ஃபோர்க்கோட தலையில அது இருக்கும். திருப்பினா டிக், டிக்னு சத்தம் வரும். பெரும்பாலானவங்க ஷோரூம்ல இருந்து எடுத்த நாள்ல இருந்து விக்கிற நாள் வரைக்கும் அதைத் தொடுறதே இல்லை. அந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது, அதைத் திருப்பத் தெரிந்த ஆள் எங்கே போனார் என்பதுதான் இன்றைய கதை.

பெல்ஃபாஸ்ட்டில் ஆரம்பிக்கலாம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ரெக்ஸ் மெக்கான்ட்லெஸ் என்று ஒருவர். எங்களை மாதிரி இன்ஜினியரிங் டிகிரி எல்லாம் கிடையாது, தானாகக் கற்றுக்கொண்டவர். அவரே பந்தயமும் ஓட்டுவார். அன்றைக்குப் பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லை. சக்கரம் நேரடியாகச் சட்டத்தில் மாட்டியிருக்கும், சீட்டுக்கு அடியில் மட்டும் ஸ்ப்ரிங். அதாவது குலுக்கல் உங்க முதுகுக்குத் தெரியாது, ஆனா டயர் ரோட்டை விட்டு எகிறிக்கிட்டேதான் இருக்கும். ரெக்ஸுக்கு இது பிடிக்கவில்லை. சகோதரர் குரோமியோடு சேர்ந்து, பின்சக்கரம் மேலும் கீழும் ஆட ஒரு ஆர்ம், அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்த எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர் என்று தன் சொந்த வண்டிக்கே செய்துபார்த்தார்.

அந்த யோசனை நார்ட்டன் கம்பெனிக்குப் போனது. 1950-இல் மெக்கான்ட்லெஸ் சட்டத்தோடு நார்ட்டன் பந்தயத்துக்கு வந்தது. ஓட்டிப்பார்த்த ஹரால்ட் டேனியல், இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கு என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்ல, ஃபெதர்பெட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த வருடம் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி, ஜூனியர் டிடி இரண்டிலும் முதல் மூன்று இடங்கள் நார்ட்டனுக்கு. நார்ட்டனின் இன்ஜின் பழைய ஒற்றை சிலிண்டர். எதிரே இத்தாலியின் கிலேரா, நான்கு சிலிண்டர், பவரும் அதிகம். 1951-இல் ஜெஃப் ட்யூக் அதே நார்ட்டனில் 350, 500 சிசி உலகப் பட்டம் இரண்டையும் எடுத்தார். பவர் கம்மியான வண்டி நேர்ப்பாதையில தோற்கும், வளைவுல ஜெயிக்கும். இதை முதலில் சரியாகப் பிடித்தவர் தன் வண்டியோடு மல்லுக்கட்டிய ஒரு ஆள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்த பெரிய மாற்றம் சேற்றில் நடந்தது. 1970-களின் மோட்டோகிராஸ். 1973-இல் பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸ் வடிவமைத்த ஒற்றை ஷாக் அமைப்போடு யமஹா வந்தது, ஹோகன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டம் வாங்கினார். அந்தப் பத்து வருடத்தில் சக்கரம் மேலே கீழே ஆடும் தூரம் சுமார் 10 சென்டிமீட்டரில் இருந்து 30 சென்டிமீட்டர் வரை போய்விட்டது. அவ்வளவு தூரம் ஆடுவதை எண்ணெய்தான் அடக்க வேண்டும். ஸ்வீடனில் கெந்த் ஓலின் என்ற இளைஞர், இவரும் மோட்டோகிராஸ் ஓட்டியவர், இன்ஜின் பவருக்கு சஸ்பென்ஷன் ஈடுகொடுக்கலையே என்று ஷாக் செய்யத் தொடங்கினார். 1976-இல் கம்பெனி. 1978-இல் கென்னடி மொய்சேயெவ் கேடிஎம்மில் ஜெயித்தது ஓலின்ஸுக்கு முதல் உலகப் பட்டம். இன்றைக்குத் தங்க நிற ஃபோர்க்கைப் பார்த்தாலே நம்ம பசங்க போட்டோ எடுக்குறாங்களே, அந்த ஓலின்ஸ்தான்.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கலா போறேன், ஸ்கிப் பண்ணாதீங்க. உங்க ஆபீஸ் கதவு மேல ஒரு டோர் க்ளோசர் இருக்கும் இல்லையா? உள்ளே ஸ்ப்ரிங்கும் எண்ணெயும். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ. அதைத் தளர்த்தினா கதவு படார்னு மூடும். இறுக்கினா ஆடி அசைஞ்சு மூடும், ஏசி காத்தெல்லாம் வெளியே போகும். ஸ்ப்ரிங் அதே ஸ்ப்ரிங்தான், எண்ணெய் போகிற ஓட்டை மட்டும்தான் சிறுசு பெருசாகிறது. பைக்கின் ரீபவுண்ட் ஸ்க்ரூவும் இதே வேலைதான் செய்கிறது. அமுங்கிய ஸ்ப்ரிங் திரும்பி வரும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. கம்ப்ரஷன் ஸ்க்ரூ, அமுங்கும் வேகத்தை. ப்ரீலோடு என்பது தனி. நிறைய பேர் அதைத் திருப்பினா ஸ்ப்ரிங் கெட்டியாகும்னு நினைக்கிறாங்க. ஆகாது. வண்டி எவ்வளவு உயரத்தில் உட்காரும் என்பதுதான் மாறும்.

இப்போ ஆட்களுக்கு வருவோம். உலக சாம்பியன்ஷிப்பில் இந்த ஸ்க்ரூக்களைச் சுற்றி ஒரு வேலையே உருவானது. க்ரூ சீஃப். அமெரிக்க விமானப்படையில் ஒரு விமானத்தைத் தரையில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளருக்கும் இதே பெயர்தான். கென்னி ராபர்ட்ஸ் 1978-இல் 500 சிசி பட்டம் வாங்கியபோது கூட இருந்தவர் கெல் கரூதர்ஸ், 1969-இன் 250 சிசி உலக சாம்பியன். ஃப்ரெடி ஸ்பென்சர் 1985-இல் ஒரே வருடத்தில் 250, 500 இரண்டையும் எடுத்ததற்குப் பின்னால் எர்வ் கனெமோட்டோ.

எனக்குப் பிடித்தவர் ஜெரமி பர்ஜெஸ். ஆஸ்திரேலியர், இளமையில் அவரும் பந்தயம் ஓட்டியவர். வெய்ன் கார்ட்னரோடு 1987, மிக் டூஹனோடு 1994 முதல் 1998 வரை ஐந்து, வாலன்டினோ ரோஸியோடு ஏழு. மொத்தம் 13 உலகப் பட்டங்கள், எல்லாமே உச்சப் பிரிவில். 2004-இல் ரோஸி, ஜெயித்துக்கொண்டிருந்த ஹோண்டாவை விட்டுவிட்டு, ஜெயிக்காத யமஹாவுக்குப் போனபோது பர்ஜெஸையும் அவர் டீமையும் கூட்டிக்கொண்டு போனார். தென்னாப்பிரிக்காவின் வெல்காமில் முதல் பந்தயமே வெற்றி. பல கோடி சம்பளம் வாங்குறவன் வேலை மாறும்போது கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சது வண்டியை இல்லை, தன் பேச்சைக் கேட்டுப் புரிஞ்சுக்கிற ஆளை.

ஏன்னா அந்த வேலையோட பாதி மொழிபெயர்ப்பு. ஓட்டுநர் உள்ளே வந்து "முன்னாடி ஒரு மாதிரி இருக்கு" என்பார். நம்ம கிளையன்ட் "ஆப் ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்ற மாதிரியே. எங்கே? பிரேக் பிடிக்கும்போதா, பிரேக்கை விட்டு வண்டியைச் சாய்க்கும்போதா, த்ராட்டில் திறக்கும்போதா? ஒவ்வொரு பதிலுக்கும் திருப்ப வேண்டிய ஸ்க்ரூ வேறு.

சரி, இவங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? 1980-கள் முடிந்து 1990-கள் வந்தபோது பந்தய வண்டியின் ஸ்க்ரூக்கள் ஷோரூம் வண்டிக்கு வந்துவிட்டன. 1998 யமஹா ஆர்1-இல் முன்னும் பின்னும் எல்லாமே திருப்பலாம். வார நாளில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று இருக்கும் ஒரு சாதாரண ஆள் கையில் சாம்பியனின் ஸ்க்ரூக்கள். பர்ஜெஸ் மட்டும் பெட்டியோட வரல.

ஒரு சின்னக் கணக்கு. முன்னால் ரீபவுண்ட், கம்ப்ரஷன். பின்னாலும் அதே இரண்டு. ஒவ்வொன்றிலும் 20 கிளிக் என்று வையுங்கள். மொத்த சேர்க்கைகள் 1,60,000. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிட லேப் ஒன்று ஓட்டிப்பார்க்க, தூங்காமல் 222 நாள் ஆகும். ப்ரீலோடையும் டயர் காற்றையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. இதை ப்ரூட் ஃபோர்ஸ் பண்ண முடியாது. நடந்தது என்னன்னா, பாதிப் பேர் தொடவே இல்லை. மீதிப் பேர் பக்கத்து பிட்காரன் சொன்ன நம்பரை வைத்தார்கள். அவன் எடை 60 கிலோ, இவர் எடை 90.

இதில் விளையாட்டு இல்லை. ரீபவுண்ட் அதிகமா மூடியிருந்தா, வரிசையா மேடு வரும்போது ஃபோர்க் திரும்பி எழ நேரம் கிடைக்காம, ஒவ்வொரு மேட்டுக்கும் இன்னும் கீழே போய்க்கிட்டே இருக்கும். கடைசியில ஆடவே இடமில்லாம டயர் பிடியை விடும். வண்டி சாய்ந்திருக்கும்போது முன் டயர் விட்டால் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. காலர் எலும்பு, பிளேட், ஆறு வாரம். லீவு முடிஞ்சிருக்கும், இஎம்ஐ முடிஞ்சிருக்காது.

இந்த இடைவெளியில்தான் ஒரு புதுத் தொழில் வந்தது. கலிஃபோர்னியாவில் பால் தீட் 1984-இல் தொடங்கிய ரேஸ் டெக், பழைய ஃபோர்க்குகளை நவீன ஃபோர்க் மாதிரி நடக்கவைக்கும் வால்வுகளை விற்றதோடு, சஸ்பென்ஷன் வேலையை மற்ற மெக்கானிக்குகளுக்கு வகுப்பெடுத்தும் சொல்லிக்கொடுத்தது. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதுவரை ஃபேக்டரி பிட்டுக்குள் இருந்த அறிவு பாடமாக வெளியே வந்தது. பிறகு பந்தயத் தடங்களுக்கே டூல் பெட்டியோடு வந்து, அங்கேயே அமெச்சூர்களின் வண்டியை செட் செய்து கொடுப்பவர்கள் வந்தார்கள். டேவ் மாஸ் வீடியோக்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே சஸ்பென்ஷன் என்ன செய்கிறது என்று சொல்வார்.

அவர்கள் முதலில் தொடுவது ஸ்க்ரூவை அல்ல, டேப்பை. ஓட்டுநர் ஹெல்மெட், லெதர் சூட்டோடு ஏறி உட்கார, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பார். தடத்துக்கு முன்னால் 30 முதல் 35 மில்லிமீட்டர் என்பது வழக்கமான தொடக்கம். அது வரவே இல்லைன்னா ஸ்ப்ரிங்கே உங்க எடைக்கானது இல்லை, கிளிக்கை என்ன திருப்பினாலும் பிரயோஜனம் இல்லை. பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். எழுதிவைப்பது. மோசமானால் பழைய எண்ணுக்குத் திரும்புவது. நம்ம ரோல்பேக்தான்.

நல்ல ட்யூனர் சில நேரம் "வண்டி சரியா இருக்கு, நீங்க பிரேக்கைச் சீக்கிரம் விடுறீங்க" என்றும் சொல்வார். காசு கொடுத்தவரிடம் அதைச் சொல்ல தைரியம் வேண்டும். எல்லாவற்றையும் ட்யூனிங் சரிசெய்துவிடாது என்பதற்கும் சாட்சி உண்டு. 2011, 2012 இரண்டு வருடம் ரோஸியும் பர்ஜெஸும் டுகாட்டியில் இருந்தார்கள். ஒரு வெற்றிகூட இல்லை. 2013 முடிவில் வலென்சியாவில் ரோஸி அவரை மாற்றுவதாக அறிவித்தார்.

நம்ம ஊர் பக்கம் வருவோம். சென்னையில் பந்தயம் ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது, 3.7 கிலோமீட்டர். 1994-இல் டிவிஎஸ் ஒன் மேக் பந்தயம் தொடங்கியது, எல்லோருக்கும் ஒரே வண்டி. 2021-இல் அதே டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு முன்னும் பின்னும் முழுக்கத் திருப்பக்கூடிய சஸ்பென்ஷன் கிட் கொடுத்தது. ஓசூரில் செய்யும் வண்டியில் சாம்பியனின் ஸ்க்ரூ. நான் அங்கே ட்ராக் டே பார்க்கப் போகும்போதெல்லாம் கவனிக்கிறேன்: எக்ஸாஸ்ட் மாற்றாத வண்டி அரிது, ப்ரீலோடு அளந்து வைத்த வண்டி அதைவிட அரிது. தனியாக வந்தவர் தானே பெட்ரோல் ஊற்றி, தானே டயர் காற்று பார்த்து, தானே லேப் டைம் எடுத்து, தானே கவலையும் படுகிறார். எக்ஸாஸ்ட்டுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பகுதியை, இரண்டு நாள் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தால் லேப் டைம் அதிகம் குறையும். இது என் கணிப்பு, எக்ஸாஸ்ட் ரசிகர்கள் கமென்ட்ல வந்து சண்டை போடலாம்.

ஸ்க்ரூ இருக்கிற வண்டி வச்சிருக்கவங்க இன்னைக்கு ஒண்ணு பண்ணுங்க. ரீபவுண்ட் ஸ்க்ரூவை முரட்டுத்தனம் இல்லாம, மெதுவா கடிகாரத் திசையில மூடும் வரைக்கும் திருப்பி, எத்தனை கிளிக்னு எண்ணுங்க. அதே எண்ணிக்கை திரும்ப வெளியே கொண்டுவந்துடுங்க. இடது ஃபோர்க்கு, வலது ஃபோர்க்கு ரெண்டுலயும் ரீபவுண்ட் ஸ்க்ரூ இருந்தா தனித்தனியா. ரெண்டு நம்பரும் வேற வேறயா இருந்தா போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.