ஷைலாக் வில்லனா?

'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தைப் பாடமாகப் படித்தவர்கள் இந்தக் கேள்வியிடமிருந்து தப்பிப்பது கஷ்டம். கடனைக் கட்டாவிட்டால் ஒரு பவுண்டு சதை என்று பத்திரம் எழுதி வாங்கிய யூதன் ஷைலாக் கொடியவனா, பாதிக்கப்பட்டவனா? ஏதாவது ஒரு பக்கம் நின்று நான்கு காரணம் எழுதினால் மார்க் வந்துவிடும். ஆனால் இந்த இரண்டு விடைகளுமே வெவ்வேறு காலங்களில் பிறந்தவை.

ஷேக்ஸ்பியர் இதை எழுதியது 1596-97 வாக்கில். இங்கிலாந்திலிருந்து யூதர்கள் 1290லேயே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். மீண்டும் குடியேற வழி பிறந்தது 1656ல்தான். ஆக, நாடகம் பார்க்க வந்த லண்டன்வாசிகளில் பலர் ஒரு யூதரைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு 1594ல், யூத வம்சத்தில் பிறந்த அரண்மனை வைத்தியர் ரோட்ரிகோ லோபஸ், எலிசபெத் ராணிக்கு விஷம் வைக்கத் திட்டமிட்டதாக மரண தண்டனை பெற்றிருந்தார்.

பிறகு வந்த நடிகர்கள் ஆளுக்கொரு ஷைலாக்கைக் காட்டினார்கள். அதுவரை கோமாளியாக நடிக்கப்பட்டவனை 1741ல் சார்லஸ் மேக்லின் பயங்கரமானவனாக்கினார். 1814ல் எட்மண்ட் கீன் வழக்கமான செம்பட்டை விக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, அடிபட்ட மனிதனாக நடித்தார். 1879ல் ஹென்றி இர்விங்கின் ஷைலாக் கண்ணியமானவன். 1943ல் நாஜிகளின் பிடியிலிருந்த வியன்னாவில் வெர்னர் க்ராஸ் நடித்ததோ பார்ப்பவர்களுக்கு அருவருப்பு வரவேண்டும் என்றே! அந்த ஊரில் எஞ்சியிருந்த யூதர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே ரயிலேற்றி அனுப்பப்பட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் நாடகம் ஒன்றேதான். வசனங்கள் இரண்டு பக்கமும் இடம் கொடுக்கின்றன. நீதிமன்றக் காட்சியில் இரு மடங்கு பணம் தருகிறோம் என்கிறார்கள், ஷைலாக் மறுக்கிறான். செருப்பின் அடியில் கத்தியைத் தீட்டுகிறான். ரத்தத்தை நிறுத்த ஒரு வைத்தியரையாவது கூப்பிடு என்றால், பத்திரத்தில் அப்படி எழுதவில்லையே என்கிறான். இவனைப் பாவம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஆனால் அதே காட்சியில் அவன் ஒரு வாதம் வைக்கிறான். நீங்கள் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள், விடுதலை செய்யுங்கள் என்று நான் சொன்னால் கேட்பீர்களா? விலை கொடுத்து வாங்கிய இந்தச் சதையும் எனக்குச் சொந்தம்தானே! மேடையில் இருக்கும் கனவான்கள் ஒருவர்கூட இதற்குப் பதில் சொல்வதில்லை. (நோட்ஸ்களும் இந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும்.)

கருணையைப் பற்றி போர்ஷியா அவ்வளவு அழகாகப் பேசிய சிறிது நேரத்தில் தண்டனை வருகிறது. ஷைலாக் கிறிஸ்தவனாக மாறவேண்டும். ஆன்மா பிழைக்கட்டும் என்று நினைத்த அன்றைய ரசிகர்களில் பலருக்கு அதுவே பெரிய கருணை. இன்று படிப்பவருக்கு அது பலவந்தம். உடம்பு சரியில்லை, பத்திரத்தை அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஷைலாக் போகிறான். ஐந்தாம் அங்கத்தில் அவன் வருவதே இல்லை. மற்றவர்கள் நிலவொளியில் மோதிரங்களைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டிருக்கிறார்கள். இர்விங் சில நாட்கள் அந்த அங்கத்தையே விட்டுவிட்டு, ஷைலாக் வெளியேறும் நீதிமன்றக் காட்சியோடு திரையை இறக்கிவிடுவார்.