கடகடக்கிற செயின் கவரும் கொஞ்சம் வரலாறும்

ரெண்டு வாரமா என் சைக்கிள் செயின் கவர் போடற சத்தத்துல தெருநாய்ங்க எல்லாம் என்னை அடையாளம் கண்டு வெச்சிருக்கு. ஸ்டேஷன் வரைக்கும் நாலு கிலோமீட்டர், அத்தனையும் கடகடகட. கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துட்டு, "கழட்டிப் போட்டுருங்க சார், யாரு இப்ப ஃபுல் கவர் போடறா?"ன்னார். எனக்கு மனசு வரலை. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போகணும்.

மான்செஸ்டர்ல ஹான்ஸ் ரெனால்ட் 1880ல ரோலர் செயினை உருவாக்கினார். 1885ல கோவென்ட்ரியில ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டு வந்தார். பெடல் நடுவுல, அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் செயின். நாம ஓட்டறதுக்கெல்லாம் தாத்தா அதுதான். அதுக்கு முந்தின பெரிய சக்கர வண்டியில பெடல் முன்சக்கரத்திலேயே இருந்ததால செயினும் இல்லை, கிரீஸ் கறையும் இல்லை. புது வண்டியில செயின் தரைக்குப் பக்கத்துல ஓடுச்சு. ரோடோ மண் ரோடு. தூசியும் எண்ணெயும் சேர்ந்தா உப்புத்தாள் மாதிரி செயினை அரிச்சுடும்.

அதனால செயினையே பெட்டிக்குள்ள மூடி, எண்ணெயில ஓட விட்டாங்க. வால்வர்ஹாம்டன்ல தயாரான 'சன்பீம்' சைக்கிள்கள் 'லிட்டில் ஆயில் பாத்'ங்கிற இந்தப் பெட்டிக்காகவே பேர் வாங்கினது. நீளப் பாவாடை போட்ட பெண்கள் சைக்கிள் ஏற ஆரம்பிச்சதும் கவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துச்சு: துணியைக் காப்பாத்தறது. நெதர்லாந்துல இன்னிக்கும் கோட்டு சூட்டோட ஆபீஸ் போறவங்க சைக்கிள்ல முழுக் கவரைப் பார்க்கலாம். மத்த இடங்கள்ல அதுக்கு எமனா வந்தது கியர். கியர் மாத்தினா செயின் பக்கவாட்டுல நகரணும். மூடின பெட்டிக்குள்ள அது எப்படி நகரும்?

நம்மூருக்கு வந்தது பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் மாடல். 1949ல பிரிட்டிஷ் கூட்டுல சென்னையில தொடங்கின டிஐ சைக்கிள்ஸ் ஹெர்குலஸ், பிஎஸ்ஏன்னு இங்கேயே தயாரிச்சுது. லேடீஸ் சைக்கிள்னா பார் இருக்காது, முழுக் கவர் இருக்கும். ஜென்ட்ஸ்னா பெரும்பாலும் அரைக் கவர்தான். ஆம்பளைங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்குவாங்கன்னு நினைச்சுட்டாங்க போல :-)

இப்ப புதுக்கோட்டைக்கு வாங்க. 1991ல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சப்ப, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் கத்துக் குடுக்கறதையும் அதுல சேர்த்தார். லட்சத்துக்கும் மேல பெண்கள் கத்துக்கிட்டதா பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிள் பத்தலை. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துட்டாங்க. முன்னாடி பார்ல குழந்தையை உக்கார வெச்சுக்கலாமே!

அந்தக் கூட்டத்துல எங்கம்மாவும் உண்டு. அப்பாவோட அரைக் கவர் வண்டி. மூணாம் நாள் சேலைத் தலைப்பு செயின்ல சிக்கி, டீக்கடை முன்னாடி விழுந்தாங்க. "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்"னு ஒரு குரல் வேற. முழங்கால் தழும்பு இன்னும் இருக்கு. அப்பா ஒண்ணும் சொல்லலை. மறுவாரம் முழுக் கவர் வாங்கி மாட்டிட்டு வந்தார். அதுக்கப்புறம் பத்து வருஷம் அம்மா அதுலதான் வேலைக்குப் போனாங்க. அதே கவர்தான் இப்ப கடகடக்குது.

ஞாயித்துக்கிழமை நானே உக்காந்தேன். பெடல் ஒரு சுத்து சுத்தும்போது ஒருதடவை தட்டினா, கவர் ஒடுங்கியிருக்கு, கிராங்க் இடிக்குதுன்னு அர்த்தம். விடாம உரசினா செயின் தொய்வு. பள்ளத்துல மட்டும் அதிர்ந்தா போல்ட் லூஸ். என் வண்டியில ரெண்டாவதும் மூணாவதும். பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை நேரா பின்னால இழுத்து, செயின் அரை இஞ்ச் ஆடற அளவுக்கு டைட் வெச்சேன். கிளிப்புக்கும் கவருக்கும் நடுவுல பழைய டியூப் துண்டு ஒண்ணு வெட்டி வெச்சு முடுக்கினேன். செலவு பூஜ்யம், கை முழுக்க கிரீஸ்.

திங்கக்கிழமை காலையில தெருமுனை தாண்டலை, அம்மாகிட்டேருந்து போன். "ஏண்டா, சைக்கிள்ல போகலையா? சத்தமே கேக்கலை?"