மதிலுக்கு வெளியே ஒரு தீக்குழி

திருநாளைப்போவாரைப் பற்றிச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பாடியது பெயரும் ஓர் அடைமொழியும்தான். 8ஆம் நூற்றாண்டுப் பாட்டு அது. அதில் சேரி இல்லை, மதில் இல்லை, தீயும் இல்லை. பின்னால் நம்பியாண்டார் நம்பி அந்தாதி பாடும்போது ஆதனூர் வருகிறது, ‘புலை’ வருகிறது. அந்தப் புலை நீங்கி அவர் முனிவரானதும் தில்லை மூவாயிரவர் கைகூப்பியதும் வருகின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் தீக்குழியை விரித்துப் பாடுகிறார். கதை வளர வளரச் சுவரும் வளர்ந்திருக்கிறது. இதை பக்தியாக அல்ல, வரலாறாகவே நாம் வாசிக்க வேண்டும்.

இடையில் என்ன நடந்தது? ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் இருக்கிறது. ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, சுடுகாடு தனி. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லும் அங்கே உண்டு. அக்கம்பக்கமாக வாழ்ந்த சனங்களுக்கு நடுவே போட்ட கோடு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசாங்கக் கணக்கில் ஏறிவிட்டது. சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்று சொல்லப்படும் சேக்கிழாருக்கு இந்தக் கோடு தெரியாததா?

தெரியும். அதனால்தான் ஆதனூர்ப் புலைப்பாடியை அவ்வளவு நுணுக்கமாகப் பாடுகிறார். காயப்போட்ட தோல், நாய்க்குட்டி, இரும்பு வளை போட்ட கறுத்த பிள்ளைகள், நெல் குத்தும் பெண்களின் பாட்டு எல்லாம் இருக்கின்றன. நந்தன் கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார், யாழுக்கு நரம்பு கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் உள்ளே போய் முழங்குகிறது. அவர் வெளியே நிற்கிறார்.

திருப்புன்கூரில் சிவன் நந்தியை விலகச் சொன்னார், கல் விலகியது. ஆனால் நந்தன் வாசலுக்கு வெளியேதான் நின்று கும்பிட்டார். தில்லையிலோ எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கடைசியில் தெற்கு மதிலுக்கு வெளியே தீ மூட்டினார்கள். அதில் புகுந்து, பூணூலோடு முனிவராக எழுந்த பிறகுதான் வாசல் திறந்தது.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் இதைக் கேட்டேன்: “கல்லை நகர்த்துன சாமிக்கு, கதவைத் திறங்கடான்னு மூவாயிரம் பேருகிட்ட சொல்ல முடியலையாய்யா?” மரபை மரபாகப் படிக்கணும், கேள்வி கேட்டால் சுவை கெடும் என்று பதில் வந்தது. மரபின் இழுப்பு என்பது இதுதான். புலை நீங்க வேண்டும் என்று முன்னோர் பாடிவிட்டார். பின்னால் வருகிற கவி மதிலைத் தொடாமல் மனுசனை மாற்றுகிறார்.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி, சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியரைக் கொண்டுவந்தார். நாற்பது வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் விளைவித்து அறுக்க வேண்டும் என்பது அந்த ஆண்டையின் நிபந்தனை. பண்ணையடிமையின் முதுகு கீர்த்தனைக்குள் வந்தது பெரிய மாற்றம்தான். ஆனாலும் முடிவு மாறவில்லை. 1935லும் 1942லும் வந்த நந்தனார் படங்களும் இந்த மரபில் வந்தவைதான்.

எங்க தெருக் கிழவிகள் இந்தக் கதைக்கு ஒரே கேள்விதான் வைத்திருக்கிறார்கள்: “போனவன் திரும்பி வந்தானா?” வரவில்லை. ஆதனூர்ப் பாடி இருந்தபடியே இருந்தது.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989 கலவரத்தை ஒட்டி எழுந்த சுவரில் ஒரு பகுதியை, நெடும் போராட்டத்துக்குப் பிறகு, 2008 மே 6இல் அரசு இடித்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியலில் ஒரு பெரிய வீட்டுச் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து தலித்துகள் 17 பேர் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எந்தத் தீயில் குளித்திருந்தால் அந்தச் சுவர் அவர்களை விட்டிருக்கும்?

சேக்கிழாரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவர் பாடிய பாடி நம்முடையது. அந்தத் தோலும் பறையும் உலக்கைப் பாட்டும் நம் வரலாற்றுக்கு ஆவணங்கள், அவற்றை எடுத்துக்கொள்வோம். தீக்குழியை மட்டும் மூடிவிடுவோம். இனி நந்தனைப் பாடுகிறவர்கள் அவரை முனிவராக்க வேண்டாம். தோலும் கையுமாக, தன் சனத்தோடு, அதே தெற்கு வாசலில் நிறுத்தட்டும். மாற வேண்டியது மதில்.