யார்க்கந்துப் பாதையில் சரஸ் சுமந்தவர்கள்

கஞ்சாச் செடியிலிருந்து மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. இலையிலிருந்து பாங்கு, பெண் செடியின் பூந்தலையிலிருந்து கஞ்சா, அதில் கசியும் பிசினிலிருந்து சரஸ். தமிழ்நாட்டில் முதலிரண்டும் தெரிந்த அளவுக்குச் சரஸ் தெரியாது. வட இந்தியாவில், குறிப்பாகப் பஞ்சாபில், 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புகைக்கப்பட்ட சரஸின் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்ததன்று. இன்று சீனாவின் சிஞ்சியாங் பகுதியாக உள்ள யார்க்கந்திலிருந்து, உலகின் மிக உயர்ந்த வணிகப் பாதைகளுள் ஒன்றின் வழியே குதிரை முதுகில் வந்தது. அன்று அது கள்ளக் கடத்தல் அல்ல. வரி கட்டி, பதிவு செய்து நடந்த வணிகம்.

யார்க்கந்தில் முற்றிய செடியின் தலைகளை உலர்த்தித் தட்டி, உதிரும் பிசின் தூளைச் சலித்துத் தோல் பைகளில் அடைப்பார்கள். வெயில் பட்டதும் தூள் இளகி, பிசைந்த மாவுபோல ஒட்டிக்கொள்ளும். நாள்பட நாள்பட வீரியம் குறையும் பொருள் என்பதால், எடுத்த சரக்கை விரைந்து கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த அவசரம் முழுவதும் சுமந்தவன் தலையில்தான் விழுந்தது.

பாதை

யார்க்கந்திலிருந்து லடாக்கின் தலைநகரான லே வரை ஒரு மாதத்திற்கும் மேற்பட்ட நடை. சன்ஜு அல்லது கிலியான் கணவாயைக் கடந்து ஷாஹிதுல்லா. பிறகு 5,540 மீட்டர் உயரமுள்ள காரக்கோரம் கணவாய். அதற்கு இப்பால் தௌலத் பேக் ஓல்டி. 'தௌலத் பேக் இறந்த இடம்' என்பது துருக்கி மொழியில் அந்தப் பெயரின் பொருள். அடுத்து மரமோ புல்லோ இல்லாத டெப்சாங் மேட்டுநிலம். பின்னர் பனியாறு படிந்த சாசர் கணவாய், நூப்ரா பள்ளத்தாக்கு, கடைசியாகக் கர்துங் கணவாய். கோடைக்கு ஒரு வழி, குளிர்காலத்துக்கு ஒரு வழி. குளிர்காலத்தில் உறைந்த ஷியோக் ஆற்றின் படுகையே சாலையாகும்.

இந்தப் பாதைக்கு வழிகாட்டிப் பலகை தேவைப்படவில்லை என்று பயணிகள் எழுதியிருக்கிறார்கள். வழிநெடுகக் கிடந்த குதிரை எலும்புகளே வழி காட்டின. டெப்சாங்கில் தீவனம் கிடையாது; குதிரைக்கான தானியத்தையும் குதிரையே சுமக்க வேண்டும். தானியத்தைக் கூட்டினால் சரக்கு குறையும், சரக்கைக் கூட்டினால் தானியம் குறையும். இந்தக் கணக்கில் வாடகை பேசியவர் சரக்கின் பக்கம் சாய்ந்தால் வழியில் குதிரை விழும். விறகுக்கு 'பூர்ட்சே' என்னும் குத்துச்செடியின் வேரைத் தோண்டி எரித்தார்கள். பனியாற்றில் குதிரை வழுக்கும் இடங்களில் சுமையை யாக்கு எருமைக்கு மாற்றினார்கள்.

குதிரைகள் இறந்துபோனால் மூட்டைகளை வழியோரம் அடுக்கிவிட்டுப் போய், வேறு விலங்குகளோடு திரும்பி வந்து எடுத்துக்கொள்வது வழக்கம். வாரக்கணக்கில் கிடந்த சரக்கையும் யாரும் தொடமாட்டார்கள். காவலர் இல்லாத அந்த மலையில் அவர்களுக்குள் இருந்த கட்டுப்பாடு வியப்புக்குரியது. ஆனாலும் பாதை முற்றிலும் பத்திரமானது என்று சொல்லிவிட முடியாது. 1888இல் ஆண்ட்ரூ டால்கிளீஷ் என்ற ஸ்காட்லாந்து வணிகர் காரக்கோரம் கணவாய் அருகே கொல்லப்பட்டார். கொலையாளியைத் தேடிச் சென்ற ஹாமில்டன் பவர் என்ற படை அதிகாரி, 1890இல் குச்சா நகரில் ஒரு பழஞ்சுவடியை வாங்கினார். பழைய மருத்துவ நூல்கள் அடங்கிய 'பவர் சுவடி' வெளியுலகுக்கு வந்த வழி இதுதான்.

முதலாளியும் சுமையாளியும்

சரக்கின் உரிமையாளர்களுள் பெரும்பாலோர் பஞ்சாபின் ஹோஷியார்பூர் வணிகர்கள். லேயிலும் யார்க்கந்திலும் அவர்களுக்குக் கடைகள் இருந்தன. இந்தியத் துணியும் நறுமணப் பொருள்களும் பவளமும் வடக்கே போயின. சரஸ், பட்டு, கம்பளம், வெள்ளி ஆகியவை தெற்கே வந்தன. சுமந்தவர்கள் வேறு. குதிரை வைத்திருந்து சுமைக்கு இவ்வளவு என்று வாடகை பேசியவர்களைக் 'கிராயாகஷ்' என்றார்கள். லேயில் வாழ்ந்த அர்கோன் என்னும் கலப்புச் சமூகத்தார் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். மத்திய ஆசிய, காஷ்மீர வணிகர்களுக்கும் லடாக்கியப் பெண்களுக்கும் பிறந்த வழியினர் அவர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் வீட்டிலேயே வந்தன.

இவர்களின் வாழ்க்கையை உள்ளிருந்து சொன்னவர் குலாம் ரசூல் கல்வான். ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே பயணிகளிடம் வேலைக்குச் சேர்ந்து, பயணக்குழுத் தலைவராக உயர்ந்தவர். தாம் தட்டுத்தடுமாறிக் கற்ற ஆங்கிலத்தில் அவர் எழுதிய தன்வரலாறு 1923இல் வெளிவந்தது. கல்வான் ஆறு அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அதிகாரிகளின் பயண நூல்கள் எத்தனையோ இருக்க, சுமந்தவர் பக்கத்திலிருந்து வந்த நூல் இவ்வளவு அரிதாக இருப்பது வரலாற்று மாணவருக்குப் பெரிய குறைதான்.

அரசும் வரியும்

1870இல் காஷ்மீர் மன்னர் ரண்பீர் சிங்கும் ஆங்கில அரசும் செய்த உடன்படிக்கையின்படி இது தடையற்ற வணிகச் சாலையாயிற்று. மேற்பார்வைக்கு லேயில் இரு தரப்புக்கும் ஒவ்வோர் ஆணையர். லேயிலிருந்து சரஸ் குல்லு வழியாக ஹோஷியார்பூருக்கும், காஷ்மீர் வழியாக ராவல்பிண்டிக்கும் இறங்கியது.

1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சாப் பொருள்கள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்பது அதன் முடிவு. ஆணையம் அக்கறையின்றி வேலை செய்தது என்று கூற முடியாது. ஆயினும் வரி வருவாய் அரசுக்கு இனித்தது என்பதையும் மறக்கலாகாது. சரஸ் அரசுக் கண்காணிப்பில் கிடங்கில் இருக்கும்; சில்லறைக்கு வெளியே எடுக்கும்போது வரி.

1925 ஜெனீவா ஒப்பந்தம் கஞ்சாவைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆனால் இப்பாதையை வீழ்த்தியது அதுவன்று. 1930களில் சிஞ்சியாங்கில் உள்நாட்டுப் போர். அதனைத் தொடர்ந்து அங்கே சரஸுக்குத் தடை. மதிப்பு மிக்க சரக்கு போனதும் குதிரைக்காரர்களுக்கு வேலை சுருங்கியது. 1949இல் சீனாவில் ஆட்சி மாறியபின் எல்லையும் மூடப்பட்டது.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி சரஸ் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஒரு கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டுச் சிறை. தண்டனை அளவைப் பொறுத்தது. சரக்கு சொந்தமா, கூலிக்குச் சுமந்ததா என்பது அதை மாற்றாது. பழைய குதிரைச் சுமை ஒன்றே அந்த அளவைப் பல மடங்கு தாண்டும்.

பாதை அடைபட்டபோது இப்பால் தங்கிவிட்ட இரட்டைத் திமில் ஒட்டகங்களின் வழிவந்தவை நூப்ராவில் உண்டு. ஹுண்டர் மணல்மேடுகளில் அவை இப்போது சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கின்றன.