அரிசி தீட்டல்

உமி நீக்கிய நெல்மணியின் மேல்தோலையும் முளையையும் உராய்ந்து அகற்றி வெண்மையாக்குவது அரிசி தீட்டல். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அது போனபின் கிடைக்கும் பழுப்பரிசியிலிருந்து எவ்வளவு தவிட்டை எடுப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறுபாடு. சோற்றுக்கு ஆலையில் தீட்டும்போது எட்டு முதல் பத்து விழுக்காடு வரை போகும். ஜப்பானில் சாக்கே என்னும் அரிசி மதுவுக்காகத் தீட்டும்போது மணியில் பாதியே மாவாகிப் போவதுண்டு. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தீட்டலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரங்களைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த இயந்திரங்கள் செய்த சேதத்தை நம் வீடுகளில் பெருமளவு தடுத்து நின்றது நெல்லை அவிக்கும் பழக்கம். அதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையில் ஆற்றைக் கடந்ததும் வருவது அரியாங்குப்பம். அதன் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகள் உடைந்த நிலையில் கிடைத்தன. கப்பலில் திராட்சை மது வந்திறங்கிய இதே கடற்கரை நாட்டில் அரிசியிலிருந்தும் மது வடித்தார்கள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் அது உருவாகும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைகட்டிய தானியத்தால் ஆன அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் புளிக்கவைத்துப் பிழிந்தெடுத்தார்கள். முளையில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சாக்கேயில் அதே வேலையைக் கோஜி என்னும் பூஞ்சை செய்கிறது. ஒன்று தீட்டாத அரிசியில் பிறந்தது, மற்றொன்று தீட்டித் தீட்டியே மெருகேறியது. சாக்கேயைப் பற்றிப் படிக்கும் தமிழர் இந்த வலைஞர் மதுவையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆலை வருமுன் எல்லாம் உரலும் உலக்கையும்தான். மணி சிதறாமல் உரல் வாயில் குந்தாணி வைத்து, பூண் கட்டிய உலக்கையை இருவர் மாற்றி மாற்றிப் போட்டு முதல் குத்தில் உமியைப் பிரிப்பார்கள். முறத்தில் புடைத்தபின் மறுபடி உரலிலிட்டுத் தீட்டினால் தவிடு உதிரும். தவிடு மாட்டுக்கு, நொய் கஞ்சிக்கு. ஒரு குடும்பத்தின் நாள் அரிசிக்கே பெண்கள் பொழுது விடியுமுன் எழ வேண்டியிருந்தது. ஏழைப் பெண்களுக்கோ அதுவே கூலி வேலை. கைக்குத்தல் அரிசியைப் போற்றும்போது அந்தத் தோள்களின் வலியையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

குத்துமுன் நெல்லை ஊறவைத்து, அண்டாவில் அவித்து, களத்தில் உலர்த்தினார்கள். பச்சை நெல்லைவிட அவித்த நெல் குறைவாக உடைகிறது என்பது அவர்கள் கண்டறிந்த பயன். ஈரமும் சூடும் பட்ட மாவுச்சத்து இளகி இறுகும்போது மணிக்குள் இருக்கும் விரிசல்கள் மூடிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கிறது. தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் நீரோடு கரைந்து மணியின் உட்புறம் இறங்கித் தங்கிவிடுகிறது. அதன்பின் மேல்தோலைத் தீட்டினாலும் அதில் கணிசமான பங்கு அரிசியிலேயே இருக்கும்.

பிரேசிலில் வாழ்ந்த எவரிஸ்டோ கொன்ராடோ எங்கல்பர்க் 1880களில் உருவாக்கிய ஹல்லர், உலகின் நெல் விளையும் ஊர்களை மாற்றிப்போட்டது. இரும்பு உருளை சுழல, உமி நீக்கலும் தீட்டலும் ஒரே அறையில் முடிந்தன. எண்ணெய் இஞ்சினோடும் பின்னர் மின்மோட்டாரோடும் இது தமிழ்க் கிராமங்களுக்கு வந்தபோது அதற்கு மக்கள் வைத்த பெயர் மில். பெண்களின் தோள்வலி குறைந்தது. குத்துக் கூலியை நம்பியிருந்தவர்கள் வேலை இழந்தார்கள். குருணை கூடியது, உமியும் தவிடும் கலந்து தவிட்டின் மதிப்புக் கெட்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் வழியாகக் கைக்குத்தலுக்காக வாதாடினார். ஆலைகளை உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்து கைக்குத்தலுக்கும் இடம் தர முயன்ற அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் 1958இல் வந்தது.

வெண்மைக்குக் கொடுத்த விலை பெரிபெரி. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓய்ந்து சாகும் நோய். ஜாவாவில் கிறிஸ்தியான் எய்க்மான் 1890களில் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கும் இதுபோன்ற நோய் வருவதைக் கண்டார். அதற்காக 1929இல் நோபல் பரிசின் ஒரு பாதி அவருக்குக் கிடைத்தது. இந்த வரலாற்றில் தமிழருக்கு நேரடிப் பங்கு உண்டு. மலாயாவில் மருத்துவராக இருந்த லியோனார்ட் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில், சயாம் வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மாண்டபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் அரிதாகவே தீண்டியது என்று காட்டினார். ஏறத்தாழ அதே காலத்தில் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் நோயாளிகளை இரு பிரிவாக்கி உணவளித்தார். வெள்ளரிசிப் பிரிவில் நோய் பரவிப் பலர் இறந்தனர். புழுங்கலரிசிப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. இந்தியாவிலும் பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைகொண்டிருந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திய ஊட்டச்சத்து ஆய்வுகளில் இதுவும் ஒன்று. வறுமையில் கப்பலேறிய தோட்டத் தொழிலாளரைக் காத்தது அவர்கள் ஊரிலிருந்து சுமந்து சென்ற ஒரு சமையற்கட்டுப் பழக்கம். எந்தப் பாடநூலிலும் இது முதல் பக்கத்தில் இருக்கத் தகும்.

ஊறவைக்கும் நெல் ஓரிரு நாள் குளிர்நீரில் கிடந்து புளித்து நாறுவது பழைய முறையின் குறை. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 65 முதல் 70 பாகை வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து நீராவியில் அவிக்கும் முறையைக் கொடுத்தது. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ரப்பர் உருளை பொருத்திய நவீன ஆலைகள் வந்தன. உமி தனி, தவிடு தனி என்றானது. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையின் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. சுத்தமான தவிடு கிடைத்ததால் தவிட்டெண்ணெய் எடுப்பதும் தொழிலானது.

ஜப்பானில் கதை வேறு திசையில் போனது. எடோ காலத்தில் கோபே அருகே உள்ள நாடா பகுதியின் மதுவடிப்போர், ரொக்கோ மலையிலிருந்து பாயும் ஓடைகளில் நீர்ச்சக்கரம் பூட்டி அரிசி தீட்டினார்கள். காலால் மிதித்துக் குத்தியதைவிட அரிசி வெண்மையாயிற்று, மதுவும் தெளிந்தது. சாத்தாக்கே ரீச்சி 1896இல் சைஜோ ஊரில் அந்நாட்டின் முதல் விசைத் தீட்டும் இயந்திரத்தைச் செய்தார். 1930களில் வந்த செங்குத்து இயந்திரங்களோ மணியை உடைக்காமல் பாதிவரை தேய்க்க வழிசெய்தன. மணியின் வெளிப்புறத்தில் உள்ள புரதமும் கொழுப்பும் மதுவின் மணத்தைக் கெடுக்கும் என்பதால் மாவுச்சத்து நிறைந்த வெண்ணிற நடுப்பகுதியை நோக்கித் தேய்க்கிறார்கள். 60 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ எஞ்சினால் கின்ஜோ, 50 அல்லது குறைந்தால் தாய்கின்ஜோ. பாதியாக்க ஏறத்தாழ இரண்டு நாள் இயந்திரம் ஓடும். சூடேறிக் காய்ந்த அரிசியைச் சில வாரம் ஆறவைத்த பிறகே கழுவுவார்கள், இல்லாவிட்டால் பிளந்துவிடும். மதுவுக்கு இது மிகச் சரியான வேலை. உண்ணும் அரிசியிலும் அதே வெண்மையை விரும்பிய அந்நாடு 1904–05 ரஷ்யப் போரில் பெரும் எண்ணிக்கையில் படைவீரர்களைப் பெரிபெரிக்குப் பறிகொடுத்தது.

சைஜோவின் வடிசாலைத் தெருவை இன்று சுற்றுலாப் பயணிகள் நடந்து பார்க்கிறார்கள். அரிக்கமேட்டுக்கும் நோணாங்குப்பம் படகுத்துறைக்கும் வருகிறவர்களுக்கு நம் பக்கத்தில் நெல் ஆலையைக் காட்ட யாரும் நினைப்பதில்லை. பாகூர் ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று ஆண்டு முழுதும் நெல் வரும் வட்டாரம் இது. வருகிறவருக்கு ஒரே நெல்லைப் பச்சையாக ஒரு படியும் அவித்து ஒரு படியும் அரைத்துக் காட்டினாலே போதும். பச்சை நெல்லில் விழும் குருணையையும் அவித்ததில் விழும் குருணையையும் முறத்தில் பக்கம் பக்கமாகக் கொழித்துப் பார்த்தால் வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும்.