அசாதாரண மூச்சொலிகள்

அசாதாரண மூச்சொலிகள் என்பன ஸ்டெதஸ்கோப் கொண்டு மார்பைச் சோதிக்கும்போது இயல்பான மூச்சொலிக்கு மாறாகக் கேட்கும் ஒலிகள் ஆகும். இக்கருவியை 1816 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக் கண்டுபிடித்தார். செவிலியர் மார்பின் இருபுறமும் ஒரே மட்டத்தில் மாறிமாறிக் கேட்டு ஒப்பிடுவர்.

வகைகள்

வீசிங்: சுருங்கிய மூச்சுக்குழாய்களில் எழும் சீழ்க்கை போன்ற ஒலி. ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை வெளிவிடும்போது கேட்கும்.

கிராக்கிள்: மூச்சை உள்ளிழுக்கும்போது விட்டுவிட்டு எழும் வெடிப்பொலி. நிமோனியா, இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் கேட்கும்.

ஸ்ட்ரைடர்: குரல்வளை அல்லது மூச்சுப் பெருங்குழாய் அடைபடுவதால் எழும் உரத்த ஒலி. கருவியின்றியே கேட்கும், அவசர நிலையைக் குறிக்கும்.

ஒலியற்ற மார்பு

கடும் ஆஸ்துமாவில் வீசிங் மறைவது குணமடைதலின் அறிகுறியெனத் தவறாகக் கருதப்படலாம். காற்றோட்டம் மிகக் குறைந்தாலும் ஒலி எழாது. மூச்சுத்திணறல் தணியாமல் ஒலி மட்டும் மறைந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலையாகும். மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.