ஹியல் கலையும் நிரல்வழிக் கலையும்

'ஹியல்' என்னும் அரபுச் சொல் நம் அரபுக் கல்லூரி மாணவர்களுக்குப் பெரும்பாலும் ஃபிக்ஹின் வழியாகவே அறிமுகமாகிறது. சட்டத்தின் சொல்லைக் காத்துக்கொண்டு அதன் நோக்கத்தைக் கடந்துசெல்லும் உபாயங்களுக்கு அங்கே அப்பெயர். ஸஹீஹுல் புகாரியிலும் இத்தலைப்பில் ஒரு பாடம் உண்டு. ஆனால் அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் இதே சொல் வேறொரு துறையையும் குறித்தது. நீர், காற்று, எடை ஆகியவற்றின் இயல்பறிந்து, தானே இயங்கும் பொறிகளைச் சமைக்கும் கலையே அது. இன்று கணினியில் நிரல் எழுதி, காண்போரின் தொடுகைக்கும் அசைவுக்கும் மறுமொழி தரும் ஓவியத்தையும் இசையையும் படைக்கும் கலையொன்று வளர்ந்துள்ளது. அதன் முன்வரலாற்றை எழுதுவோர் இந்த இரண்டாவது ஹியலைக் கடந்துசெல்ல இயலாது.

கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களான முஹம்மத், அஹ்மத், அல்-ஹஸன் ஆகிய மூவரும் 'தானே குழலூதும் கருவி' பற்றி ஒரு சிறு நூல் எழுதினர். நீர்விசையால் ஓர் உருளை சுழலும். அதன் மேற்பரப்பில் முளைகள் இருக்கும். முளை நெம்புகோலைத் தொட்டதும் குழலின் துளை திறக்கும். எந்த முளை எங்கே இருக்கிறது என்பதே பண்ணைத் தீர்மானிக்கிறது. குழலிசைப்பவர் ஒருவரின் விரலசைவுகளை மெழுகு பூசிய உருளையில் பதித்து, அதன்படி முளைகளை அமைக்கும் முறையையும் அவர்கள் கூறினர். பொறி ஒன்று, அதற்கிடும் கட்டளை வேறொன்று எனும் இப்பிரிவினைதான் நிரலாக்கத்தின் உயிர்நாடி. நிரலிடத்தக்க முதற்பொறியாக இக்கருவியைக் கருதலாம் என்று டச்சு அறிஞர் டியூன் கூட்சியர் 2001-இல் எழுதியது இதனாலேயே.

இக்கலையின் சிகரம் அல்-ஜஸரீ. ஆமித் நகரில், அதாவது இன்றைய துருக்கியின் தியார்பக்ரில், ஆர்துகீ அரசர்களிடம் பணியாற்றிய அவர், ஹிஜ்ரி 602 (கி.பி. 1206)-இல் தம் பெருநூலை நிறைவு செய்தார். அறிவையும் பயன்தரும் செயலையும் ஒருங்கிணைப்பது என்பதே அந்நூற்பெயரின் சாரம். ஆறு வகைகளில் ஐம்பது பொறிகள் அதில் உள்ளன.

அவற்றுள் முதலாவதான கோட்டைக் கடிகாரம் சற்று நின்று நோக்கத்தக்கது. அக்காலத்தில் பகற்பொழுதைப் பன்னிரண்டு சம பங்காக்கி ஒவ்வொன்றையும் ஒரு நாழிகையாகக் கொண்டனர். கோடையில் அது நம் கணக்கில் 70 நிமிடங்களைத் தாண்டும். குளிர்காலத்தில் 50 நிமிடங்களுக்கும் குறையும். அப்படியானால் ஒரே தொட்டி நீரைக் கொண்டு நாள்தோறும் மாறும் நாழிகையை அளப்பது எவ்வாறு? நீர் வெளியேறும் துளையை, ராசிகள் குறிக்கப்பட்ட ஒரு வட்டத்தின் மீது அன்றன்றைய பாகைக்குத் திருப்பி வைக்கும்படி ஜஸரீ அமைத்தார். துளையின் உயரம் மாற, நீரோட்டத்தின் வேகம் மாறும். மற்றவை யாவும் மாறா. பருந்து உருவங்கள் உலோகக் குண்டுகளை உதிர்ப்பதும், ஆறாம், ஒன்பதாம், பன்னிரண்டாம் நாழிகைகளில் ஐந்து இசைஞர் உருவங்கள் முழங்குவதும் அந்த ஓர் அளவின்படியே நடந்தேறும். நிரலாளர் 'மாறி' என்றழைப்பது இத்தகைய அளவைத்தான்.

முன்னோர் செய்த இவ்வகைச் சீராக்கிகளைத் தாமே செய்து சோதித்து, அவை பிழைபடுவதைக் கண்ட பின்னரே ஜஸரீ தமதை வகுத்தார். செய்து பார்க்கப்படாத தொழில்நுட்பம் மெய்க்கும் பொய்க்கும் இடையே ஊசலாடுவது என்பது அவருடைய கருத்து. முன்னோர் மீதான மதிப்பு அச்சோதனைக்குத் தடையாகவில்லை.

மனிதரோடு உறவாடும் பொறிக்கும் அந்நூலில் சான்றுண்டு. உளூச் செய்கையில் பணியாளோ அடிமைப்பெண்ணோ தம் கையில் நீர் வார்ப்பதை அரசர் மஹ்மூது விரும்பவில்லை. அதற்காக ஜஸரீ, கெண்டி ஏந்திய ஓர் உருவத்தைச் செய்தார். நீர் தானே வழியும். முடியும் தறுவாயில் அவ்வுருவத்தின் மறுகை துவாலையை நீட்டும். உருவங்கள் பற்றிய ஃபிக்ஹ் விவாதம் தனி. அதற்கு இது இடமன்று. மதுவிருந்துகளில் மிதக்கவிடவென ஜஸரீ செய்த இசைப் படகையும் மறைக்க வேண்டியதில்லை. அரசவை அப்படித்தான் இருந்தது. அப்படகின் முளைகளை இடம்மாற்றினால் தாளமும் மாறும் என்று பிரிட்டிஷ் அறிஞர் நோயல் ஷார்கி 2007-இல் வாதிட்டார். பொறியமைப்பு அதற்கு இடந்தருகிறது என்பது சரி. ஆயினும் 'உலகின் முதல் ரோபோவை நாமே செய்தோம்' என்று மேடைதோறும் முழங்குவோர், பொறியில் உறங்கும் வாய்ப்பையும் நூலாசிரியரின் நோக்கத்தையும் வேறுபடுத்தி அறிவது நல்லது.

பெருமையைக் காட்டிலும் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அவருடைய கற்பிக்கும் முறை. ஒவ்வொரு பொறியையும் அவர் 'ஷக்ல்', அதாவது வடிவம், என்றழைத்தார். படம் வரைந்து, உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டு, அளவும் பொருளும் கூறி, மற்றவர் செய்யும்படி எழுதினார். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கேஸி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001-இல் தொடங்கிய 'ப்ராசஸிங்' என்னும் நிரல்மொழியின் பாடமுறையும் இதற்கு அயலன்று. கலைஞர்களுக்கென்றே அமைந்த அம்மொழியில் ஒவ்வொரு நிரலுக்கும் 'ஸ்கெட்ச்', அதாவது கோட்டோவியம், என்று பெயர். ஒருமுறை மட்டும் செய்ய வேண்டியவை ஒரு பகுதியிலும், ஓயாமல் திரும்பச் செய்ய வேண்டியவை மறுபகுதியிலும் எழுதப்படுகின்றன. காலையில் தொட்டியை நிரப்பித் துளையைத் திருப்பிவிட்டால், பின்னர் மிதவை பகலெல்லாம் இறங்கிக்கொண்டிருப்பது போல.

டொனால்ட் ஹில் ஜஸரீயின் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டது 1974-இல். அஹ்மத் யூசுஃப் அல்-ஹஸன் செம்மைப்படுத்திய அரபு மூலம் ஹலபில் அச்சேறியது 1979-இல்தான். மூலமொழியினர் மொழிபெயர்ப்புக்குப் பிந்தியது வருந்தத்தக்கதே. ஆனால் இப்போது மூலம் கைவசம் உள்ளது. அதைப் படிக்கும் அரபு நம் மாணவர்களிடம் இருக்கிறது. பலரிடம் கணினியும் உண்டு. கோட்டைக் கடிகாரத்தை ஒருவர் திரையில் வரையத் தொடங்குவாராயின், முதலில் ஒரு தொட்டி, அதில் ஒரு மிதவை, நொடிக்கு இவ்வளவு என்று நீர் குறைய ஓர் எண், இவை போதும். சுட்டியை நகர்த்தினால் அவ்வெண் மாறுமாறு அடுத்த வரி எழுதப்பட வேண்டும். மிதவையின் வேகம் மாறும். கோடை நாழிகை குளிர்கால நாழிகையாகும். பருந்துகள் அதற்கடுத்த பாடம்.